உன் அம்மாவுக்கு எல்லா இறக்கையும் தெரியும்

அன்பு மகன் அருளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே அந்த வரி வரவில்லை. நீ கிளம்பிய திங்கட்கிழமை உன் பெட்டியை நான்தான் அடுக்கினேன், முறுக்கைத் துணியில் முடிந்து வைத்தேன், நெற்றியில் சிலுவை போட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா உன்னைத் திருச்சியில் ரயிலேற்றிவிட்டு மத்தியானம் கீரனூருக்குத் திரும்பினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஏறிட்டானா?" என்று கேட்டேன். "ஏறிட்டான். ஜன்னலோரம் எடம் கெடச்சுச்சு" என்றார். துண்டை எடுத்துக்கொண்டே, "நீ ஏன் வரலைன்னு கேட்டான்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒங்கம்மாவுக்கு எல்லா எறக்கையும் தெரியும்டா, அதான் வரலைன்னு சொன்னேன்" என்றார். உனக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது. கிழவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருப்பாய். அவர் உளறவில்லை, அருள். அப்பா வேலை பார்த்த ஸ்பிட்பயர் சண்டை விமானத்தில் ஏ என்று ஓர் இறக்கை, பி என்று ஓர் இறக்கை, சி, டி, ஈ என்று எல்லாமும், எதில் எத்தனை துப்பாக்கி, எந்த அறையில் எது என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வானத்தில் சத்தம் கேட்டு நீ வாசலுக்கு ஓடினால், "உள்ள வா" என்று அதட்டியே உன்னை வளர்த்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்பதை உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. அப்பாவின் வலது கை எப்படிப் போனது என்று கேட்டபோதெல்லாம், "ஏர்போர்ஸ்ல ஒரு ஆக்சிடென்ட்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது நீயே விமானம் ஓட்டப் போகிறாய். இனியும் சொல்லாமல் இருந்தால் சரியாக இருக்காது.

உன் அப்பா யுத்த காலத்தில் திருச்சியில் ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தவர். குளத்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலம் சோறு போடாததால் போனார், வேறு வீரம் ஒன்றுமில்லை. விமானத்தில் ஏறிப் பறக்கிற வேலையில்லை. பறக்கிறவர்களுக்குத் துப்பாக்கியை மாட்டி, குண்டு ஏற்றிக் கொடுத்து, அவர்கள் திரும்பி வந்ததும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுகிற வேலை. ஆர்மரர் என்பார்கள். நான் ஆவூர்க்காரி. திருச்சிக் கன்னியர் மடத்தில் வாத்தியார் பயிற்சி படித்து முடித்த கையோடு எங்கள் ஊர்க் கோவிலிலேயே கல்யாணம் நடந்தது. லீவில் வந்து தாலி கட்டிவிட்டு ரயிலேறியவர். நீ பிறந்ததைக்கூடத் தந்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததே, அந்த வருடத்தில்தான் வடக்கே அவர் இருந்த இடத்தில் குடும்பத்துக்கு வீடு கொடுத்தார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத அந்தக் குளிருக்கு நான் போனேன்.

போன புதிதில் அவருக்கு ஒரு கவலை இருந்தது. கார்ப்பரலாகப் பதவி உயர்வதற்குப் பரீட்சை எழுத வேண்டும், கேள்வி இங்கிலீஷில் இருக்கும், பாடப் புத்தகமும் இங்கிலீஷ். கைக்குத் தெரிந்த வேலை புத்தகத்தில் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "டீச்சர், நீ வாசிச்சுச் சொன்னா ஒரு மாதிரி ஒப்பேத்திருவேன்" என்றார் ஒருநாள். அன்றிலிருந்து சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் நான் வாசிப்பேன், தமிழில் சொல்வேன், அவர் சமையலறைத் தரையில் சாக்கட்டியால் இறக்கையை வரைவார். நீ அதன்மேல் நடந்து துப்பாக்கிகளைக் கால்களால் அழிப்பாய். மறுபடி வரைவார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். நாங்கள் அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் உனக்கு நினைவிருக்காது. அதற்குப் பிறகு நீ பார்த்ததில்லை.

அந்த இறக்கை புங்க இலை மாதிரி. நடுவில் அகன்று நுனியில் குவியும். பார்க்க அழகு, ஆனால் மெலிசு. அந்த மெலிசுக்குள் துப்பாக்கியும் குண்டும் அடங்க வேண்டும், அதுதான் அதைக் கட்டியவர்களுக்கு இருந்த பாடு. முதலில் வந்த ஏ இறக்கையில் பக்கத்துக்கு நான்கு சிறிய துப்பாக்கிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அது போதவில்லை என்று பி இறக்கையில் பக்கத்துக்கு ஒரு பீரங்கியும் இரண்டு சிறு துப்பாக்கியும். பீரங்கி என்றால் கோட்டை மேல் கிடக்கிறது இல்லை, ஆள் நீளத்துக்குத் தடித்த துப்பாக்கி. அதன் வயிறு இறக்கைக்குள் கொள்ளாது, அதனால் மேல் தகட்டில் ஒரு புடைப்பு வைத்தார்கள். பிறகு சி. எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்துக்கு இரண்டு பெரிய அறைகள். பெரும்பாலும் உள் அறையில் பீரங்கி இருக்கும், வெளி அறை காலி. காலி அறைக்கும் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மொட்டைக் குழாய் உண்டு, அதை ரப்பர் மூடியால் அடைத்து வைப்பார்கள். டி இறக்கையில் துப்பாக்கியே கிடையாது. அது வெகுதூரம் போய்ப் படம் எடுத்து வருகிற விமானம், துப்பாக்கி இருக்க வேண்டிய இடமெல்லாம் பெட்ரோல். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று நான் சொல்ல, "பரீட்சைல அதைக் கேக்கவே மாட்டான்" என்று அவர் சிரித்தார்.

கடைசியில் ஈ. அதில் பீரங்கியை வெளி அறைக்குத் தள்ளிவிட்டு உள் அறையில் கனத்த மெஷின் கன் ஒன்றை வைத்துவிட்டார்கள். அதன் குழாய் வெளியே நீளாது, மொட்டைக் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். எதிரே நின்று பார்க்கிறவனுக்கு இடம் மாறியிருப்பது சட்டென்று கண்ணில் படாது, சி-யும் ஈ-யும் ஒரே மாதிரிதான் தெரியும். நீளமாக ஒன்று, பக்கத்தில் மொட்டையாக ஒன்று. சி-யில் அந்த மொட்டை வெறும் மூடி. ஈ-யில் அந்த மொட்டைக்குள்ளே துப்பாக்கி. பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்பும் என்று வாத்தியாருக்குத் தெரியும். இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். "ஏங்க, இதை நல்லா மனசுல போட்டுக்கங்க. ஆளுக தப்புப் பண்ற எடம் இதுதான்" என்றேன். மறுநாளும் அதையே கேட்டேன். அடுத்த வாரமும் கேட்டேன். தோசை திருப்பிக்கொண்டே, "ஈ-ல மொட்டைக்குள்ள என்ன?" என்பேன். "துப்பாக்கி டீச்சர்" என்பார். பரீட்சையில் தேறிவிட்டார். சட்டைக் கையில் இரண்டு பட்டை தைத்துக் கொடுத்தேன். அவர் அதை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு என் தலையையும் தடவினார்.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்கு ராவ் வந்தார். நெல்லூர்ப் பக்கம், அப்பாவின் வேலையேதான். வேறு ஒரு நிலையத்தில் சி இறக்கை விமானங்களிலேயே வேலை செய்து பழகியவர். இங்கே எல்லாம் ஈ. கல்யாணமாகிச் சில மாதமே ஆன பெண்டாட்டி சீதம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். அண்ணி என்பதைத் தெலுங்கில் வதினா, வதினா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு, காலையில் வந்தால் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நீ அவளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்பாய். விபத்து நடந்தபோது அவர்கள் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கு நடந்ததை அப்பா எனக்கு ஒருமுறைதான் சொன்னார். பயிற்சிக்குச் சுடப் போன விமானம் ஒன்று இறங்கியது. வலது உள் துப்பாக்கி பாதியில் நின்றுவிட்டது என்று விமானி சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் குழாய்க்குள் ஒரு குண்டு தங்கியிருக்கிறது, குழாயோ சூட்டில் இருக்கிறது. சூட்டில் தங்கின குண்டு யாரும் தொடாமலே வெடிக்கும். அதற்காகத்தான் துப்பாக்கி வாய்க்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது என்பது. ராவ் இறக்கையின் கீழே எதையோ பார்க்கக் குனிந்தவர், நிமிர்ந்து, சௌகரியமாக அந்த மொட்டைக் குழாயில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணுக்கு அது ரப்பர் மூடி. வருடக்கணக்கில் அப்படிச் சாய்ந்து நின்றவர். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். "ராவ்! அது மூடி இல்லை!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். ராவ் மல்லாக்க விழுந்தார். தள்ளின கை குழாய்க்கு முன்னால் இருந்தது. அந்த நொடியில்தான் அது வெடித்தது.

இதில் யார் மேலும் குற்றமில்லை, அருள். விசாரணை வைத்தார்கள், அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மணிக்கட்டோடு படுத்திருந்த மனுஷன் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "டீச்சர், நீ வாசிச்சது நல்லதாப் போச்சு. இல்லைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது. ராவ் செத்திருப்பான்." என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாசித்திருக்காவிட்டால் இவருக்கு இரண்டு கையும் இருந்திருக்கும். தோசைக் கரண்டியோடு நின்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு அந்தக் கையைக் கொண்டுபோய்க் குழாய் முன்னால் வைத்தவள் நான்தான். இதை அவரிடம் சொல்லி அழுதிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்குமோ என்னவோ. நான் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிட மோசமான நினைப்பு ஒன்றும் எனக்குள் வந்தது. கையை நீட்டும்போது என்னையும் பிள்ளையையும் இந்த மனுஷன் ஒரு தடவை நினைத்தாரா? யாரோ இரண்டு வாரப் பழக்கத்து ஆளுக்காக எங்களை விட்டுக்கொடுத்துவிட்டாரே? நல்ல காரியம் செய்துவிட்டு வந்த புருஷன் மேல் கோபப்படுகிற பெண் எங்கே போய்ச் சொல்வாள்? கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவுக்குத் துணையாக நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதங்களெல்லாம் நீ சீதம்மாவிடம்தான் இருந்தாய். அவள்தான் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், ராத்திரி நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்தாள். உனக்கு அம்மை மாதிரி ஏதோ வந்து காய்ச்சல் அடித்ததாம், அதையும் எனக்குத் தெரியாமல் அவளே பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஊருக்குக் கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ராவ் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீதம்மா குனிந்து என் காலைத் தொடப் போனாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். நீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று கத்தினாய். உன்னைப் பிய்த்து எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவளிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. "என் புருஷன் கையை எடுத்துக்கிட்டு நீ தாலியோட நிக்கிற" என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அதற்குள் அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழ் வந்திருந்தது. உன்னிடம் பேசிப் பழகியது கொஞ்சம், மீதி நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கீரனூரில் நீ வளர்ந்த வீடு உனக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அப்பா இடது கையால் எழுதிப் பழகி பஸ் ஸ்டாண்டில் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தார். திருச்சிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் விமானம் என்ற சொல்லை நான் நுழையவிடவில்லை. திருச்சிக்கு இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போனால் நீயும் அவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பீர்கள். நான் கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவீர்கள். அந்த மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வித்தை. பெற்ற பிள்ளை அதைக் கேட்கத் துடித்தது. நடுவில் நான் நின்றேன். நீ காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, யாரோ ஒரு ஆபீசரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரிடமே கேட்டிருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

நீ ஹைஸ்கூலில் படிக்கும்போது ஒருநாள் ராவ் வந்தார். உன்னிடம் சொன்னதில்லை. ரயிலில் வந்து இறங்கி, டீச்சர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. கையில் ஒரு துணிப்பை, அதில் ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பும் உனக்கு ஒரு சட்டையும். "வதினா, பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் கேட்டார். பிறகு தமிழில், "சவரி எங்க இருக்கான்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கூப்பிடு தூரத்தில் புக்கிங் ஆபீசில் இருந்தார். நான், "அவுக புதுக்கோட்டை போயிருக்காக. வர ராத்திரி ஆகும்" என்றேன். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அந்த வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவில்லை. பையை நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் பையை மடித்துப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் தினம் நெனைக்கிறேன்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

பஸ்ஸில் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். "திருச்சி ஒண்ணு" என்று ஜன்னலில் காசை நீட்டியிருக்கிறார். உள்ளே இருந்து வந்தது இடது கை. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பேசினார்களாம், பஸ் பஸ்ஸாகப் போனதாம். நான் பொய் சொன்னது அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, "ராவ் வந்திருந்தான்" என்றார். நான் தட்டை எடுத்து வைத்தேன். "ரொம்ப மெலிஞ்சு போயிட்டான்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் எல்லாம் வெளியே வந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து செகந்திராபாத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. ராவ் நெஞ்சு நோயில் இறந்துவிட்டார். தன் அண்ணன் வீட்டோடு சீதம்மா இருக்கிறாள், பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தது. அப்பா அன்றைக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். எல்லா இறக்கையும் தெரியும் என்று உன்னிடம் சொன்னதாக அவர் சொன்னபோது எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடமாக அவர் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கோபத்தை நினைக்கவில்லை, நான் வாசித்ததை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சோறு போட்டு எதிரே உட்கார்ந்தேன். "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். கேளு என்றார். "அன்னைக்குக் கையை நீட்டும்போது எங்களை நெனச்சீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "இதைத்தான் இத்தன வருசமாக் கேக்காம வச்சிருந்தியா?" என்றார். பிறகு சொன்னார்: "நெனைக்கல, டீச்சர். பொய் சொல்லக் கூடாது. நெனச்சிருந்தா நின்னுருப்பேன். நின்னுருந்தா ராவ் போயிருப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பேன், ரெண்டு கையோட. பக்கத்து வீட்ல சீதம்மா அழுதுக்கிட்டு இருந்திருக்கும். அதைக் கேட்டுக்கிட்டே ஒன் கையால எப்படிச் சாப்பிட்டிருப்பேன்?" கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "நீயும் எப்படிப் போட்டிருப்ப?" என்றார்.

அவ்வளவுதான், அருள். நான் இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்த பதில் இவ்வளவுதான். அவர் அதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். நீ போகிற ஜெட் விமானங்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பேப்பரில் வருவதைக் கடையில் நின்று வாசிப்பாராம். "இப்ப எறக்கைல துப்பாக்கியே வைக்கிறதில்ல டீச்சர். எறக்கை இன்னும் மெலிசு, பின்னாடி சாஞ்சு இருக்கு. ஒரு ரகத்துல நாலு பீரங்கியையும் ஒரே பெட்டியாக் கட்டி வயித்துக்கு அடியில ஏத்தி எறக்குறான். எங்க காலத்துல இந்த எறக்கைக்கும் அந்த எறக்கைக்கும் ஓடணும்" என்றார். குரலில் அப்படி ஓர் ஆசை. அந்தக் குரலை நான் சமையலறைத் தரையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

உனக்குச் சொல்ல எனக்கு இரண்டு மூன்று விஷயம்தான் இருக்கிறது. விமானம் புதிதாக உன் கைக்கு வரும்போது பெயரைப் பார்த்து, தெரிந்ததுதானே என்று ஏறிவிடாதே. பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே மாற்றியிருப்பார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ராவ் கெட்டிக்காரர், அசட்டையான ஆள் இல்லை. பழக்கம்தான் அவரைச் சாய்ந்து நிற்கவைத்தது. அடுத்து, கீழே நின்று உனக்குத் துப்பாக்கி பூட்டிக் கொடுக்கிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேள். நீ இறங்கி வந்து, இந்தத் துப்பாக்கி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவாய். அதற்குப் பிறகு கை வைக்கிறவர் அவர்தான். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும். மனதில் ஒரு கேள்வி வந்தால் அன்றைக்கே கேட்டுவிடு, சண்டை வந்தாலும் வரட்டும். பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று நானும் நினைத்தேன், ஊரும் சொன்னது. அது பொறுமை இல்லை.

கடைசியாக ஒரு காரியம். உன் பயிற்சி ஹைதராபாத் பக்கம்தான். வெளியே விடுகிற முதல் ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் போய்ச் சீதம்மாவைப் பார்த்துவிட்டு வா. விலாசம் அப்பா தனியாக எழுதுவார். சவரியின் மகன் என்று சொல், போதும். எனக்காக நீ மன்னிப்புக் கேட்காதே, அது உன் வேலை இல்லை. அவள் சமைத்துப் போட்டால் சாப்பிடு. உன்னைத் தொட்டுப் பார்த்தால் கூச்சப்படாமல் நில். கைப்பிள்ளையாக இருந்தவனைத் தேடுவாள். கோடை விடுமுறை விட்டதும் நானும் அப்பாவும் ரயிலேறி வருகிறோம். அவளிடம் பேச வேண்டியதை நானே பேசுகிறேன். தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று அப்பாவிடம் கேட்டு ஒப்பித்துப் பார்க்கிறேன், நாக்கு புரளவில்லை. என்னைப் பார்க்க அவளுக்கு மனம் வராமலும் போகலாம், உள்ளேயிருந்தே போகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நான் வெளியிலேயே நின்றுகொள்கிறேன். அப்பா மட்டும் உள்ளே போய்விட்டு வரட்டும்.

உன் அம்மா